விருதுநகரில் ஒரு வேப்பங்கட்டை

பிரயாணம் என்றால் காசியையும் காஷ்மீரத்தையும் எண்ணுகிறவர்களுக்கு விருதுநகருக்குப் போவது ஒரு பிரயாணமாகவே தோன்றாது. சாலையின் இருபுறமும் கரிசல் மண். அதில் சீமைக் கருவேல முட்புதர். இடையிடையே தனித்து நிற்கும் பனை. மழையை நம்பி ஏமாந்து, பிறகு தன் கையையே நம்பப் பழகிக்கொண்ட சீமை இது. இந்த வழியே நாம் சென்ற பிரயாணத்துக்கு டிக்கட்டுக்கூடக் கிடையாது. லாரியின் முன்புறத்தில் நாமும் நம் பள்ளித் தமிழ்ப் பண்டிதரும். பின்புறத்தில் ஒரு வேப்பங்கட்டை. அந்தக் கட்டைக்காகவே பிரயாணம்!

நம் பள்ளி முற்றத்தில் இரண்டு வேப்பமரங்கள் இருந்தன. ஒரே நாளில் நட்டவை என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஐப்பசி மாதத்துப் புயற்காற்றில் ஒன்று விழுந்தது. மற்றொன்று வகுப்புக் கட்டடத்தின் மேல் சாய்ந்து நின்றதால் அதையும் வெட்டவேண்டியதாயிற்று. விறகு வியாபாரி வந்து மரங்களைச் சுற்றிப் பார்த்தார். "அடி யானைக்கால், நுனி கொக்குக்கால். இதில் பலகை எங்கே வரப் போகிறது, ஸார்? விறகு விலைக்குக் கொடுத்துவிடுங்கள்" என்றார். பள்ளிக் கமிட்டியாருக்கும் அதுவே சரியாகப் பட்டது. ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, முழங்காலில் நோட்டுப் புத்தகத்தை வைத்து எழுதுகிறார்கள். ஆறு பெஞ்சுகள் இருந்தால் அந்த வகுப்பு நிமிர்ந்து உட்காரும். "மரம் பள்ளியில் வளர்ந்தது, பள்ளியிலேயே இருக்கட்டும்" என்று நாம் வாதாடினோம். கமிட்டியார் இணங்கினார்கள்.

முதற் கட்டையை ஒரு பட்டறைக்கு அனுப்பினோம். அங்கே வேலை மும்முரம். கட்டையை மேடையில் கிடத்தினார்கள். அது எப்படிக் கிடந்ததோ அப்படியே வாளை ஓட்டினார்கள். பலகைகள் அழகாகத்தான் வந்தன. ஒரு மாதம் உலர்ந்ததும் அவற்றின் சுபாவம் தெரிந்தது. மூன்று பலகைகளில் குறுக்காக வெடிப்பு ஓடியது, மற்றவை முறுக்கிக்கொண்டன. தச்சர் ஒரு பலகையைத் தரையில் வைத்து விரலால் தொட்டார். அது தொட்டில்போல் ஆடியது. "இது பெஞ்சு ஆகாது, ஐயா" என்றார். கமிட்டிக் கூட்டத்தில் யாரும் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. விறகு விலை என்ன என்று மட்டும் ஒருவர் மெதுவாக விசாரித்தார். அது போதாதா? எஞ்சியிருந்தது ஒரே கட்டை. அதுவும் கெட்டுப்போனால் அடுப்புக்குத்தான்.

ஆகவே, மரமறிந்த கை எது என்று நாலு பேரிடம் கேட்டு விசாரித்துக்கொண்டு, விருதுநகருக்குப் புறப்பட்டோம்.

பட்டி நகரமான கதை

விருதுபட்டி என்று வழங்கிய ஊர் 1923-ஆம் வருஷத்தில் விருதுநகர் ஆயிற்று. பருப்பு, மிளகாய் வற்றல், எண்ணெய், பருத்தி ஆகியவற்றின் வியாபாரத்துக்குப் பேர் போன ஊர். கடைவீதியில் நடந்தால் வற்றலின் காரம் மூக்கில் ஏறித் தும்மல் வரும். தும்மிக்கொண்டே விலை பேசுகிற சாமர்த்தியம் இவ்வூர் அண்ணாச்சிமார்களுக்கு உண்டு.

1903-இல் காமராஜர் பிறந்த ஊர் இதுதான். அவர் சில காலம் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலை, வீட்டுக்கு ஒரு பிடி அரிசி என்று சேர்த்து ஊரார் வளர்த்த பள்ளி. இளமையிலேயே படிப்பை விட்டு ஜவுளிக் கடைக்குப் போக நேர்ந்த அந்தப் பிள்ளை, 1954 முதல் 1963 வரை மாகாணத்தின் முதன் மந்திரியாக இருந்து, 1956-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கிடைக்க வழி செய்தார். நாம் பெஞ்சுக் கட்டையோடு அவ்வூருக்குள் நுழைந்தபோது, தகுந்த இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்ற தைரியம் உண்டாயிற்று.

பட்டறை ஊரின் ஓரத்தில் இருந்தது. தண்டவாளம் போன்ற இரண்டு இரும்புச் சட்டங்கள். அவற்றின் நடுவே கட்டை கிடக்க ஒரு மேடை. மேலே படுக்கை வசமாக ஓடும் நாடா வாள். இவ்வகை யந்திரத்தில் கட்டை அசையாமல் கிடக்கும். வாள் நகர்ந்து வந்து அறுத்துச் செல்லும். கீழே சக்கரங்கள் இருந்தன. மரம் பெரிதானால் யந்திரத்தையே டிராக்டரில் கட்டி, மரம் விழுந்த தோட்டத்துக்கு இழுத்துச் செல்வதும் உண்டாம். யந்திரத்தின் அதிகாரி எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். வாலிபத்தில் குழியறுப்புச் செய்தவர். குழியின் மேல் கட்டையைக் கிடத்தி, ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக நின்று நீண்ட வாளை இழுத்த காலத்தவர்.

முன்பு அடைந்த தோல்வியால் நாம் எச்சரிக்கையாக ஒரு ரசமட்டம் வாங்கி வந்திருந்தோம். கட்டையை இறக்கியதும் அதன் முதுகில் ரசமட்டத்தை வைத்து, "பெரியவரே, மட்டமாக இருக்கவேண்டும், அதுதான் முக்கியம்" என்றோம்.

பெரியவர் சிரித்தார். "வாத்தியாரய்யா, அது தோலுக்கு மட்டம் சொல்லும். மரத்துக்குச் சொல்லாது. இன்னைக்கு வேறு வேலை இருக்கு. நாளை மறுநாள் வாங்க. அதுவரைக்கும் சும்மா இருக்கவேண்டாம், சிவகாசிப் பக்கம் போய்க் குச்சிக்கு மரம் உரிக்கிறதைப் பாத்துட்டு வாங்க" என்றார்.

இரண்டு பட்டதாரிகளுக்கு வீட்டுப் பாடம் கொடுத்து அனுப்பிவிட்டார்!

குச்சியின் ஊர்

விருதுநகரிலிருந்து தென்காசி போகும் ரயிலில் ஏறினால் திருத்தங்கல், அதற்கடுத்தது சிவகாசி. தூரம் சுமார் 25 கிலோமீட்டர். திருத்தங்கல் குன்றின்மேல் நின்ற நாராயணப் பெருமாள் கோயிலை ஜன்னல் வழியே சேவித்துக்கொண்டோம்.

சிவகாசியின் கதை நம் நாட்டார் ஒவ்வொருவரும் அறியவேண்டிய கதை. வானம் பொய்த்த பூமி, வேறு பிழைப்பில்லை. 1922-இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு உறவினர் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு, மறு வருஷம் ஊர் திரும்பினார்கள். அதே 1923-இல்தான் சுவீடன் தேசத்துப் பெரிய முதலாளிகள் வெஸ்டர்ன் இந்தியா மாட்ச் கம்பெனியை நம் நாட்டில் ஸ்தாபித்தார்கள். அவர்களிடம் ராட்சச யந்திரங்கள், சிவகாசியிலோ கைகள். கைகள் தோற்கவில்லை. தீப்பெட்டிக்குப் பின் மத்தாப்பும் வெடியும் வந்தன. பெட்டிக்கு ஒட்டும் படங்களை அச்சிட அச்சுக்கூடங்கள் வந்தன. "குட்டி ஜப்பான்" என்ற பட்டமும் வந்து சேர்ந்தது.

குச்சிக்குரிய மரம் கரிசலில் விளைவதில்லை. மட்டி, இலவு முதலிய மெல்லிய மரங்களின் குச்சிகள் கேரளப் பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக வருகின்றன. நண்பர் ஒருவரின் தயவால் மரம் உரிக்கும் ஒரு பட்டறையைக் காண நேர்ந்தது. அந்தக் காட்சியை நேயர்களுக்குச் சற்று விஸ்தாரமாகவே சொல்லவேண்டும்.

நீண்ட மரத்தை முதலில் சுமார் இரண்டடித் துண்டுகளாக வெட்டிப் பட்டையை நீக்குகிறார்கள். ஒரு துண்டை எடுத்து அதன் இரண்டு முகங்களின் நடுவையும் யந்திரத்தின் இரண்டு பிடிகளில் கவ்விக்கொள்கிறார்கள். துண்டு சுழல்கிறது, நீண்ட கத்தியொன்று பக்கவாட்டில் நெருங்கி வருகிறது. முதலில் பருத்த பக்கத்தில் மட்டும் கத்தி படுகிறது. கிழிந்த நாடா போலத் துண்டு துணுக்குகள் விழுகின்றன. சில சுற்றுக்களில் அடியும் நுனியும் ஒரே பருமனாகின்றன. அதன் பின், பாயைச் சுருளிலிருந்து விரிப்பதுபோல் மரம் ஒரே ஏடாக விரிந்துகொண்டே வருகிறது! ஏட்டின் கனம் சுமார் இரண்டு மில்லிமீட்டர். அதை அடுக்கி நறுக்கினால் குச்சி.

"எதற்காக இவ்வளவு குட்டையாக வெட்டுகிறீர்கள்?" என்று கேட்டோம்.

"நீளமாக எடுத்தால் சுழற்றுகிறபோதே பாதி மரம் வீணாகிவிடும், ஸார். அடிக்கும் நுனிக்கும் வித்தியாசம் அவ்வளவு" என்றார் அங்கிருந்தவர்.

நம் மனம் உடனே கணக்குப் போட்டது. நமது வேப்பங்கட்டை பத்தடி நீளம். அடியின் விட்டம் 21 அங்குலம். நுனியின் விட்டம் 14 அங்குலம். வித்தியாசம் 7 அங்குலம். அதையே இரண்டடித் துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் வித்தியாசம் ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவு. குச்சிக்காரருக்கு அது சௌகரியம். ஆனால் இரண்டடிப் பலகையில் ஆறு பிள்ளைகளை உட்கார வைப்பது எங்ஙனம்?

இன்னொரு விஷயமும் அங்கே கற்றோம். ஒரு குச்சியை நம் கையில் கொடுத்து உரசச் சொன்னார்கள், உரசினோம், எரிந்தது. மற்றொன்றைக் கொடுத்தார்கள், உரசியதும் மருந்துத் தலை ஒடிந்து விழுந்தது. ஒடிந்த இடத்தைப் பார்த்தால், மரத்தின் ரேகை குச்சியின் நீளத்தோடு போகாமல் சாய்ந்து வெளியேறியிருந்தது. "ரேகை நேராக ஓடினால் குச்சி நிற்கும், குறுக்கே ஓடினால் ஒடியும்" என்றார் அவர். முறுக்கிக்கொண்ட நமது பலகைகள் நினைவுக்கு வந்தன.

ஒரு பாட்டியின் ஞாபகம்

சிவகாசியைப் பார்த்தவர்கள் அதன் புகழை மட்டும் எழுதிவிட்டு வருவது நியாயமாகாது. நம் பள்ளியில் ஆறாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமியின் பாட்டியார், தம் ஒன்பதாம் வயதில் தீப்பெட்டி வேலைக்குப் போனவர். விடியுமுன் கிராமத்துக்குள் பஸ் வரும். தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகளை ஏற்றிவிடுவார்கள். இருட்டியபின் திரும்பக் கொண்டுவந்து விடும். பகலெல்லாம் சட்டத்தில் குச்சி அடுக்குவது. "சிலேட்டைத் தொட்ட ஞாபகம் இல்லை, ஸார், சட்டத்தைத் தொட்ட ஞாபகம் விரலிலேயே இருக்கிறது" என்று அவர் ஒருமுறை நம்மிடம் சொன்னார்.

1986-ஆம் வருஷத்துச் சட்டம், தீப்பெட்டி, வெடி முதலிய தொழில்களில் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாதென்று தடுத்தது. 1996 டிஸம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றிய வழக்கில் தீர்ப்பளித்து, அவர்கள் இருக்கவேண்டிய இடம் பள்ளிக்கூடம் என்பதை வற்புறுத்தியது. சட்டமும் தீர்ப்பும் பிள்ளையைப் பள்ளி வாசல் வரையில் கொண்டுவந்து விட்டன. உள்ளே வந்த பிள்ளை உட்கார ஒரு பலகை போடுவது ஊராரின் கடமையல்லவா? நமக்கு அந்த ஒற்றைக் கட்டையின்மீது இருந்த கவலையின் காரணம் இதுதான்.

கட்டையின் நெஞ்சு

குறித்த நாளில் விருதுநகர்ப் பட்டறைக்குத் திரும்பினோம்.

"என்ன பாத்தீங்க, வாத்தியாரய்யா?" என்றார் பெரியவர்.

"துண்டை எப்படிக் கவ்விப் பிடிக்கிறார்கள் என்று பார்த்தோம். தோலைப் பிடிக்கவில்லை, நடுவைப் பிடிக்கிறார்கள்" என்றோம்.

"அவ்வளவுதான் விஷயம்" என்று சொல்லி, கட்டையை மேடையில் உருட்டச் சொன்னார்.

மேடையில் கிடந்த கட்டை பார்வைக்கு ஒழுங்காகவே இருந்தது. பெரியவர் அடிமுகத்தின் நடுவில் தெரிந்த சோற்றியைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டார். மரம் இளங்கன்றாக இருந்தபோது உண்டான நடுப் பாகமே சோற்றி. வருஷந்தோறும் வளரும் வளையங்கள் அதைச் சுற்றியே ஏற்படுகின்றன. மேடையிலிருந்து சோற்றிக்கு உயரம் 10½ அங்குலம். நுனிப்பக்கம் போய் அளந்தார். அங்கே உயரம் குறைவு.

அப்போதுதான் முதற் கட்டைக்கு நேர்ந்த கதி நமக்கு விளங்கிற்று. அடி பருத்து நுனி சிறுத்த கட்டையைச் சும்மா கிடத்தினால் அதன் கீழ்த்தோல் மேடையில் படியும். வாள் கீழ்த்தோலுக்கு இணையாக ஓடும். மரத்தின் நெஞ்சோ சரிந்து கிடக்கும். அடியில் ஒரு பலகையில் இருக்கும் சோற்றி, நுனிக்குள் இரண்டு மூன்று பலகைகளை ஊடுருவிவிடும். மரம் உலரும்போது வெடிப்பது சோற்றியைச் சுற்றித்தான். ஆகவே அத்தனை பலகைகளிலும் வெடிப்பு. மேற்பக்கத்துப் பலகைகளிலோ ரேகை பத்தடிக்குள் ஏழு அங்குலம் சரிந்து வெளியேறிவிடும். அது ஒடிந்த தீக்குச்சியின் கதை.

நாம் சும்மா இருப்போமா? நோட்டுப் புத்தகத்தை எடுத்தோம். "விட்டங்களின் வித்தியாசம் ஏழு. அதில் பாதி மூன்றரை. நுனிக்கு அடியில் 3½ அங்குலம் முட்டுக் கொடுத்தால் நடு மட்டமாகிவிடும்" என்று பெருமையோடு சொன்னோம்.

பெரியவர் பதில் பேசாமல், நுனியின் கீழே பலகைத் துண்டுகளை அடுக்கி ஆப்பை வைத்துத் தட்டினார். அளந்து பார்த்தால் 4 அங்குலம் இருந்தது!

"அரை அங்குலம் அதிகம், பெரியவரே" என்றோம்.

"குனிஞ்சு பாருங்க" என்றார்.

குனிந்து பார்த்தோம். நுனியில் சோற்றி சரியான நடுவில் இல்லை. அரை அங்குலம் கீழே தள்ளியிருந்தது. கட்டடத்தின்மேல் சாய்ந்து நின்ற மரமல்லவா? ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் வளர்ந்திருந்தது. நம் கணக்கில் பிழையில்லை. ஆனால் எல்லா மரமும் நடுவிலேயே நெஞ்சை வைத்துக்கொண்டு வளரும் என்று நாம் எண்ணியதே பிழை. நாற்பது பிள்ளைகளை ஒரே சராசரியால் அளந்துவிடும் நமது உத்தியோகத்துக்கும் அதில் ஒரு பாடம் இருந்தது. நோட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டோம்.

பண்டிதர் அதற்குள் உற்சாகமடைந்துவிட்டார். உள்ளே வயிரம் கொண்டதை மரம் என்றும், புறத்தே வயிரம் கொண்டதைப் புல் என்றும் தொல்காப்பியர் வகுத்திருப்பதை எடுத்துச் சொல்லி, "மரத்துக்கு இலக்கணமே அகத்தில்தான் இருக்கிறது" என்றார். பெரியவர் அதை ரஸித்துக் கேட்டுவிட்டு, "ஆனா ஒண்ணு, சாமி. நடு பொக்கையாக் கெட்டுப் போயிருந்தா, அப்போ தோலைப் பாத்துத்தான் மட்டம் வைக்கணும். நல்ல மரம் வெளியோரத்தில் இருக்கும். அது நேராக வரட்டும், கழிவு நடுவில் போகட்டும். நெஞ்சு நல்லா இருந்தா நெஞ்சைப் பாரு, கெட்டிருந்தா தோலைப் பாரு" என்றார்.

வாள் ஓடிற்று. வேப்பமரத்தின் கசப்பு மணம் பட்டறையெங்கும் பரவிற்று. முதல் அறுப்பில் மேல்முதுகு தட்டையாயிற்று. கட்டையைத் தலைகீழாகப் புரட்டித் தட்டை முகத்தை மேடையில் படிய வைத்தார்கள். இப்போது முட்டு வேண்டியதில்லை. இரண்டாம் அறுப்பு முதலாவதற்கு இணையாக வந்தது. பிறகு பக்கவாட்டில் திருப்பினார்கள். நாம் வேலை முடிந்தது என்று நினைத்தோம். பெரியவர் மறுபடியும் சோற்றியை அளந்து, நுனிக்கு அடியில் மறுபடியும் முட்டு வைத்தார். "இந்தப் பக்கத்துச் சரிவு இன்னும் அப்படியேதானே இருக்கு?" என்றார். முதற் கட்டையை அறுத்தவர்கள் ஒரு முறைகூடச் செய்யாததை இவர் இரண்டு முறை செய்தார். அதற்காக ஆன நேரம் கால் மணிகூட இராது.

நான்கு பக்கமும் அறுத்தபின் நின்றது ஒன்பதரை அங்குலச் சதுரம். அதன் இரு முகங்களிலும் சோற்றி சரியாக மையத்தில் இருந்தது. ஒன்றேகால் அங்குலக் கனத்தில் ஏழு பலகைகள் வந்தன. சோற்றி நான்காவது பலகையோடு அடங்கிற்று. மற்ற ஆறும் சுத்தம். ரேகை நீளத்தோடு ஓடியது.

மரத்தின் அளவு இதனால் கூடிவிடவில்லை, அதையும் சொல்லிவிடவேண்டும். சுற்றளவில் கால் பங்கைச் சதுரித்து நீளத்தால் பெருக்குவது மர வியாபாரிகளின் வழக்கம். அக்கணக்கில் நமது கட்டை 13 கன அடி. உண்மையில் அது சுமார் 17 கன அடி. அறுப்பில் போகும் கழிவை முன்னதாகவே உத்தேசித்துக் கழித்த கணக்கு அது. ஆப்பு வைத்ததனால் ஒரு கன அடி மரமும் அதிகமாகக் கிடைக்கவில்லை. கிடைத்த மரம் பலகையாக நின்றது; அதுவே லாபம்.

புறப்படும்போது, "குழியறுப்புக் காலத்திலும் இப்படி முட்டு வைப்பீர்களா?" என்று கேட்டோம்.

"அப்போ எதுக்கு? ரெண்டு முகத்திலேயும் தூக்குநூல் பிடிச்சு நடுக்கோடு போடுவோம். அந்தக் கோட்டிலிருந்து அளந்து, காவி தோய்ச்ச நூலை இழுத்துத் தட்டுவோம். நூல் நெஞ்சைப் பாத்தே போகும். மெஷினுக்கு நூல் தெரியாது, நாமதான் சொல்லிக் கொடுக்கணும்" என்றார் அவர்.

பலகைகளின் முனைகளில் பெயிண்ட் பூசி, இடையிடையே சட்டம் கொடுத்து, பள்ளியின் தாழ்வாரத்து நிழலில் மூன்று மாதம் அடுக்கி வைத்தோம். தினமும் காலையில் ஒருமுறை போய்ப் பார்ப்பது வழக்கமாயிற்று. கமிட்டியாரும் ஏதோ காரியமாக வருவதுபோல் வந்து பார்ப்பார்கள். ஒன்றும் முறுக்கவில்லை. ஆறு பலகைகள் ஆறு பெஞ்சுகளாயின. நான்காவது பலகையைத் தச்சர் பிளந்து, சோற்றியை நீக்கிக் கால்களுக்கு உபயோகித்துக்கொண்டார். போதாத கால்களுக்குப் புறப்பட்டைகளின் பருத்த முனைகள் பயன்பட்டன. கெட்டுப்போன முதற் கட்டையின் பலகைகளைத் துண்டு துண்டாக வெட்டிப் புத்தகத் தட்டு செய்திருக்கிறோம். குட்டையாக வெட்டினால் கோணலும் குட்டையாகிவிடும் என்பது சிவகாசியில் கற்றதுதானே?

பெஞ்சுகளைப் போட்ட அன்று அந்தப் பாட்டியார் வந்திருந்தார். "உட்காருங்கள், அம்மா" என்றோம். அவர் உட்காரவில்லை. பேத்தியை உட்கார வைத்தார். பலகையின் விளிம்பை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, வேலைக்கு நேரமாயிற்றென்று போய்விட்டார்.

முற்றத்தில் இரண்டு வேப்பங்கன்றுகள் நட்டு, சாயாதபடி கொம்பு நட்டிருக்கிறோம். எவ்வளவு பார்த்து வளர்த்தாலும் அவையும் அடி பருத்து நுனி சிறுத்துத்தான் வளரும். அதைப் பற்றி இனி நமக்குக் கவலையில்லை.